கறுப்புக் கார் படத்தில் ஏன் சாம்பலாகிறது? பழைய ஃபிலிம் கேமராவில் பழங்காலக் கார்களைப் படமெடுக்க ஓர் அறிமுகம்

மெழுகு பூசித் துடைத்துப் பளபளவென்று நிறுத்தப்பட்டிருக்கும் கறுப்பு நிறப் பழங்காலக் காரை, ஒளிமானி (வெளிச்சத்தை அளக்கும் கருவி) உள்ள பழைய ஃபிலிம் கேமராவில் முதன்முறையாகப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஏமாற்றத்தைத்தான் சந்திக்கிறார்கள். வியூஃபைண்டரில் மானியின் ஊசி நடுக்கோட்டில் நிற்கும்படி அபெர்ச்சரையும் (லென்ஸின் ஒளித்துளை) ஷட்டரையும் (ஒளி நுழையும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை) திருப்பி, நம்பிக்கையோடு பொத்தானை அழுத்தி, சில நாட்கள் காத்திருந்து பிரிண்டைக் கையில் வாங்கினால், நேரில் கரிய பளிங்காகத் தெரிந்த கார் சாம்பல் நிறத்தில் வெளிறிக் கிடக்கிறது. பின்னாலிருந்த வானம் வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டது. அடுத்த ஃபிரேமில் இருக்கும் வெள்ளைக் காரோ பழுப்பேறிய துணியைப்போல் மங்கியிருக்கிறது. எனக்கும் முதல் ரோலில் இதுவே நேர்ந்தது. கேமராவில்தான் பழுது என்று முடிவுகட்டி, அடுத்த ரோலை வேறொரு கேமராவில் போட்டு, அதிலும் அதே சாம்பல் நிறக் காரைக் கண்ட பிறகே குறை கேமராவில் இல்லை என்பது புரிந்தது. மானி தனக்குச் சொல்லிக்கொடுத்த வேலையைச் சரியாகவே செய்திருந்தது. அந்த வேலை என்ன, பழங்காலக் காரின்முன் அது ஏன் தடுமாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், இந்தத் துறையில் தொடக்கக்காரருக்கு வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஒளிமானி செய்யும் ஊகம்

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, பொருளின்மீது எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை அளப்பதில்லை. பொருளிலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. எதிரே இருப்பது கறுப்பா வெள்ளையா என்று அறிய அதற்கு வழியில்லை. ஆகவே அதை வடிவமைத்தவர்கள் ஓர் ஊகத்தை அதற்குள் வைத்துவிட்டார்கள். நாம் படமெடுக்கும் காட்சிகளில் இருளும் வெளிச்சமும் கலந்தே இருக்கும். அவை எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி கண்டால் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் கிடைக்கும் என்பதே அந்த ஊகம். புகைப்படக்காரர்கள் அளவுகோலாக வைத்திருக்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்டது. மானியின் மனத்தில் இருக்கும் உலகத்தின் நிறம் ஏறத்தாழ அதுதான். மனிதர்களும் மரங்களும் கட்டடங்களும் நிறைந்த காட்சியில் இந்த ஊகம் வியப்பூட்டும் அளவுக்குப் பலிக்கிறது. ஆனால் ஃபிரேமின் முக்கால் பங்கைக் கறுப்புக் கார் நிரப்பிவிட்டால், வெளிச்சம் போதாத இடத்தில் நிற்கும் சாம்பல் நிறப் பொருள் அது என்று மானி எடுத்துக்கொண்டு, கூடுதல் ஒளியை உள்ளே விடச் சொல்கிறது. வெள்ளைக் காரைக் கண்டால் ஒளியைக் குறைக்கச் சொல்கிறது. இரண்டு கார்களும் சாம்பலில் வந்து சந்திக்கின்றன.

ஒளியின் அளவைப் பேச 'ஸ்டாப்' என்ற சொல் தேவைப்படும். ஒளியை இரட்டிப்பாக்கினாலும் பாதியாக்கினாலும் அது ஒரு ஸ்டாப் மாற்றம். லென்ஸ் வளையத்தில் அபெர்ச்சரைக் குறிக்கப் பொறித்திருக்கும் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற எண்களில் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பாதி ஒளியையே உள்ளே விடுகிறது. ஷட்டர் வேகங்களும் அப்படியே: 1/60 நொடியில் நுழையும் ஒளியில் பாதிதான் 1/125 நொடியில் நுழையும். மிகப் பழைய கேமராக்களில் 1/25, 1/50, 1/100 என்ற வரிசை இருக்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம், வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல.

கறுப்புச் சுவரைப் படமெடுப்பதும் கறுப்புக் காரைப் படமெடுப்பதும் ஒன்றல்ல என்பதுதான் இங்கே கூடுதல் சிக்கல். சுவர் ஒளியை விழுங்கிவிட்டு அமைதியாக இருந்துவிடும். காரின் வண்ணப்பூச்சு கீழே ஒளியை விழுங்கினாலும், அதன் மேற்பரப்பு கண்ணாடியைப்போல் எதிரில் உள்ளதைக் காட்டுகிறது. மானியைப் பானெட்டை நோக்கிப் பிடித்தால் அது அளப்பது பெரும்பாலும் வானத்தை. கதவின் கீழ்ப்பகுதியை நோக்கிப் பிடித்தால் அது அளப்பது தரையை. ஒரே காரில், ஒரே நிமிடத்தில், ஓரடி தள்ளி அளந்தால் இரண்டு மூன்று ஸ்டாப் வேறுபாடு காட்டுவது சாதாரணம். இவற்றில் காரின் உண்மையான நிறத்தைச் சொல்லும் அளவு எது என்று கேட்டால், எதுவுமில்லை என்பதே விடை.

விழும் ஒளியை அளப்பது

திரும்பி வரும் ஒளியை நம்ப முடியாதபோது, விழும் ஒளியை அளப்பதே நேரான வழி. காரின்மீது விழும் வெயில், கார் கறுப்பாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும் ஒன்றுதான். அந்த ஒளிக்கு ஏற்ப எக்ஸ்போஷரை (ஃபிலிமில் படவிடும் ஒளியின் அளவு) வைத்தால் கறுப்பு கறுப்பாகவும், வெள்ளை வெள்ளையாகவும், குரோமியம் குரோமியமாகவும் தத்தம் இடத்தில் தாமாகவே அமர்ந்துகொள்ளும்.

கையில் பிடிக்கும் தனி ஒளிமானிகளில் வெள்ளை நிற அரைக்கோள மூடி ஒன்று இருக்கும். காரின் பக்கத்தில் நின்று, அந்த மூடி கேமரா இருக்கும் திசையை நோக்கியிருக்கும்படி பிடித்து அளந்தால் போதும். அந்த மானி இல்லாதவர்கள் சாம்பல் அட்டையைக் காருக்குப் பக்கத்தில், காரின்மீது விழும் அதே ஒளியில் பிடித்து, ஃபிரேம் முழுவதும் அட்டை நிரம்பும்படி நெருங்கி அளந்துகொள்ளலாம். அட்டையும் இல்லையென்றால் உள்ளங்கை இருக்கிறது. உள்ளங்கை சாம்பல் அட்டையைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. ஆகவே அதை அளந்து வரும் அளவிலிருந்து ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும்.

எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் கண்ணால் கணிக்கும் பழைய முறையொன்றும் உண்டு. உச்சி வெயிலில், அபெர்ச்சரை 16-இல் வைத்து, ஷட்டரை ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் எண்) நெருங்கிய வேகத்தில் வைப்பது அந்த முறை: ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு 1/100 அல்லது 1/125 நொடி, ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு 1/500 நொடி. நிழலின் விளிம்பு சற்று மங்கினால் 11, நிழல் அரிதாகவே தெரிந்தால் 8, நிழலே இல்லாத மப்பு நாளில் 5.6, வெயில் படாத திறந்த நிழலில் 4. இந்த முறை காரைப் பார்ப்பதே இல்லை, தரையில் விழும் நிழலைத்தான் பார்க்கிறது. அதனால்தான் பளபளக்கும் கார்களுக்கு இது இவ்வளவு பொருந்துகிறது. 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவிலும் 1954-இல் வந்த லைக்கா எம்3-இலும் ஒளிமானி கிடையாது. அவற்றை வைத்திருந்தவர்கள் ஒளியை இப்படித்தான் படித்தார்கள். மானி இருந்தும் அது பழுதான கேமராவை வாங்கியவர்கள் வருந்த வேண்டியதில்லை. மின்கலமே இல்லாமல் இயங்கும் செலினிய மானிகள் பல்லாண்டுகளில் வலுவிழந்துவிடுவதும், 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்ட மானிகள் இன்றைய 1.5 வோல்ட் மின்கலத்தில் தவறான அளவைக் காட்டுவதும் இயல்பே.

கேமரா மானியையே பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், அதன் ஊகத்தை நாம் திருத்திக்கொள்ளலாம். கறுப்புக் கார் ஃபிரேமை நிரப்பும்போது மானி சொல்வதைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைவாகவும், வெள்ளைக் காருக்கு அதே அளவு கூடுதலாகவும் வைப்பது தொடக்கத்துக்குப் போதுமான கணக்கு. அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த மண்டல முறை, இதே சிந்தனையின் செம்மையான வடிவம்: காட்சியின் எந்தப் பகுதி பிரிண்டில் எவ்வளவு கருமையாக வர வேண்டும் என்பதைப் படமெடுப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்கிறார், மானியின் எண் அந்தத் தீர்மானத்துக்குத் தொடக்கப்புள்ளி மட்டுமே.

ஃபிலிமின் இயல்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். இருளும் வெளிச்சமும் தலைகீழாகப் பதியும் நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், குறைவான ஒளியைப் பொறுக்காது. நிழலில் பதியாமல் போன நுணுக்கத்தைப் பிறகு எந்த முறையாலும் மீட்க முடியாது. படத்தை நேரடியாக அதன் நிறத்திலேயே காட்டும் ஸ்லைடு ஃபிலிம் இதற்கு நேர்மாறானது. அதன் தாங்குதிறனும் குறுகியது, ஒளி சற்று மிகுந்தாலே வெளிச்சப் பகுதிகள் வெறும் தெளிந்த ஃபிலிமாகிவிடும். கறுப்புக் காரின் டயரும், சக்கர வளைவின் உட்புறமும், கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் இருட்டும் உங்களுக்கு முக்கியமென்றால், நெகட்டிவ் ஃபிலிமில் விழும் ஒளிக்கான அளவைவிட ஒரு ஸ்டாப் தாராளமாகக் கொடுக்கலாம்; அந்தக் கூடுதலைப் பிரிண்ட் போடும்போது இறக்கிக்கொள்ள முடியும். வெள்ளைக் காரை ஸ்லைடில் எடுத்தால் அரை ஸ்டாப் குறைப்பது நல்லது. தொடக்கக்காரருக்கு நெகட்டிவையே நான் பரிந்துரைப்பேன். பழைய கேமராவோடு உறையில் கோடாக்ரோம் என்ற ஸ்லைடு ஃபிலிம் ரோல் கிடைத்தால் அதை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்வதே சரி. 1935-இல் வந்த அந்த ஃபிலிமின் தயாரிப்பு 2009-இல் நிறுத்தப்பட்டது, அதற்கே உரிய தனிக் கழுவுமுறையும் அடுத்த சில ஆண்டுகளுக்குள் வழக்கொழிந்துவிட்டது.

காரைப் பார்க்காமல் காரில் தெரிவதைப் பார்ப்பது

எக்ஸ்போஷர் சரியாக அமைந்த பின்னும் படம் உயிரற்று இருந்தால், காரணம் பெரும்பாலும் கார் எதைப் பிரதிபலிக்கிறது என்பதில் இருக்கும். 1950-களின் கார் ஒன்றின் பக்கவாட்டை வெறும் தகடாக நம்மால் பார்க்கவே முடிவதில்லை. வானம், தொடுவானக் கோடு, தரை ஆகியவை அந்தத் தகட்டில் வளைந்து நெளிந்து ஓடும் விதத்திலிருந்துதான் கண் அதன் வடிவத்தைப் படிக்கிறது. பிரதிபலிப்பு ஒழுங்காக இருந்தால் வளைவு பேசும். எதிரில் கம்பங்களும், மனிதர்களும், நிறுத்தப்பட்ட வேறு கார்களும் இருந்தால் அவையெல்லாம் கதவின்மேல் ஏறிக்கொண்டு வடிவத்தை உடைத்துவிடும். ஆகவே காரை நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, அதைவிடக் கவனமாக உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதுகுப்பக்கம் திறந்த வெளியாகவும், தாழ்ந்த தொடுவானமாகவும் இருப்பது மிகவும் நல்லது.

விழுகோணமும் திரும்புகோணமும் சமம் என்ற பள்ளிப்பாடம் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. கதவில் தெரியும் வெள்ளைத் திட்டு எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கோணத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால் அதன் மூலம் தெரிந்துவிடும். இரண்டடி நகர்ந்தாலே அது கதவிலிருந்து இறங்கிப் போய்விடுவதும் உண்டு. படமெடுக்கும் முன் கேமராவைத் தூக்காமல் காரை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்து, அதன் நிறத்தையும் அழகையும் சற்று மறந்து, அதில் ஓடும் பிரதிபலிப்புகளை மட்டும் பார்ப்பது என்ற பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது பெரும் பலன் தரும். வளைந்த சக்கர மூடியிலும் ஹெட்லைட்டின் குரோமிய வளையத்திலும் நிற்பது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கருநிற ஆடை அந்த உருவத்தை அடக்கும், தொலைவு அதைச் சிறிதாக்கும்.

நடுப்பகல் வெயிலில் சூரியன் குரோமியத்தில் கூர்மையான புள்ளிகளாகச் சிதறி, அவற்றுக்குப் பக்கத்தில் கடும் நிழலை உண்டாக்குகிறது. மேகம் மூடிய வானமோ பெரிய வெள்ளைத் துணியை விரித்ததுபோல் காரின் மேல்விளிம்பு முழுவதும் மென்மையான ஒரே ஒளிக்கோட்டை வரைகிறது. சூரியன் மறைந்த பின் வரும் கால்மணி நேரம் இதனினும் சிறந்தது: வானத்தின் ஒரு பக்கம் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும், அந்த ஒளி கூரையிலிருந்து ஃபெண்டர் (மட்கார்டு) வரை நீண்ட பட்டையாக இறங்கும். அப்போது ஷட்டர் வேகம் 1/8 நொடிக்கும் கீழே போய்விடும் என்பதால் முக்காலியும், கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸும் இல்லாமல் முயல வேண்டாம்.

பிரதிபலிப்பைக் கட்டுப்படுத்தப் போலரைசிங் ஃபில்டர் உதவும், ஆனால் அது எங்கே உதவாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியிலும் வண்ணப்பூச்சிலும் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி, குறிப்பிட்ட ஒரு தளத்தில் அதிர்வதாக மாறுகிறது. கண்ணாடியைப் பொறுத்தவரை, பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகை சாய்வில் இது முழுமை பெறுகிறது. ஃபில்டரைத் திருப்பி அந்த ஒளியை மட்டும் தடுத்துவிடலாம். முன்கண்ணாடியில் படர்ந்த வானம் கரைந்து உள்ளேயிருக்கும் ஸ்டீயரிங் தெரியும், வண்ணம் ஆழமாகும். வெற்று உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி இப்படி மாறுவதில்லை. ஆகவே குரோமியம் பூசிய பம்பரின் பளபளப்பை இந்த ஃபில்டர் தொடாது. அது நல்லதுதான், ஏனெனில் பூச்சின் பிரதிபலிப்பு அடங்கி உலோகத்தின் பிரதிபலிப்பு மட்டும் எஞ்சும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அழகாகத் தெரிகிறது. அதற்காகப் பிரதிபலிப்பை முழுவதுமாக நீக்கிவிடக் கூடாது. நீக்கினால் கார் களிமண்ணில் பிடித்து வைத்ததுபோல் ஆகிவிடும். ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை எடுத்துக்கொள்ளும். லென்ஸ் வழியே பார்க்க முடியாத ரேஞ்ச்ஃபைண்டர், இரட்டை லென்ஸ் கேமராக்களில், ஃபில்டரை முதலில் கண்ணருகே பிடித்துத் திருப்பிப் பார்த்து, விளிம்பில் உள்ள குறி எந்தத் திசையில் இருக்கிறது என்று கவனித்து, அதே நிலையில் லென்ஸில் பொருத்த வேண்டும்.

காரின் வயதும் இங்கே நுழைகிறது. கார்களில் குரோமியப் பூச்சு பரவியது 1920-களின் பிற்பகுதியில்தான். அதற்கு முந்தைய கார்களின் விளக்குகளும் ரேடியேட்டர் சட்டமும் பித்தளையாகவோ நிக்கல் பூசியவையாகவோ இருக்கும். குரோமியம் சற்றே நீலம் கலந்த குளிர்ந்த பளபளப்புடையது, நிக்கல் மெல்லிய மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான பளபளப்புடையது. வண்ண ஃபிலிம் இந்த வேறுபாட்டை உண்மையாகவே பதிவு செய்கிறது. நிக்கல் விளக்கு மஞ்சளாகத் தெரிகிறதே என்று அதைத் 'திருத்தி' நீலமாக்கிவிட்டால், அந்தக் காரின் காலத்தையே அழித்துவிடுகிறோம். வண்ணப்பூச்சும் அப்படியே: ஃபோர்டு மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது; 1923-இல் டியூபாண்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய டியூக்கோ போன்ற விரைவில் உலரும் லாக்கர் வகை வண்ணப்பூச்சுகள் வந்த பிறகே பெருமளவில் தயாரான கார்களுக்குப் பல வண்ணங்கள் எளிதாகக் கிடைத்தன. பழைய பூச்சு மாறாமல் இருக்கும் காரில் பளபளப்பு சற்று மட்டுப்பட்டு, மென்மையாக இருக்கும். அதைப் புதுப்பூச்சுக் காரைப்போல் மின்ன வைக்க முயல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

லென்ஸும் கறுப்பைக் கெடுக்கும்

ஒளியை மிகச் சரியாக அளந்த பின்னும் கறுப்பு சற்றே வெளுத்திருந்தால், அடுத்து ஐயுற வேண்டியது லென்ஸை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், பூச்சில்லாத லென்ஸ் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. 1902-இல் வடிவமைக்கப்பட்டு எண்ணற்ற பழைய கேமராக்களில் இடம்பெற்ற டெஸ்ஸார் வகை லென்ஸில் இத்தகைய பரப்புகள் 6. ஆக, உள்ளே நுழைந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே தெறித்துவிடுகிறது. தெறித்ததில் ஒரு பகுதி லென்ஸுக்குள் அலைந்து, கடைசியில் ஃபிலிமின்மேல் மெல்லிய ஒளித்திரையாகப் படிகிறது. சாதாரணக் காட்சியில் இது கண்ணுக்குத் தெரிவதே அரிது. கறுப்புக் காரின் குரோமியத்தில் சூரியன் நேராக மின்னும்போதோ அந்தத் திரை கறுப்பின்மீது படர்ந்து அதைச் சாம்பலாக்கிவிடும். ஜெர்மனியின் சைஸ் லென்ஸ் நிறுவனத்தில் 1935-இல் உருவான ஒளித்தடுப்புப் பூச்சு, இரண்டாம் உலகப்போருக்குப் பின் பரவலாகி, 1970-களில் பல அடுக்குப் பூச்சாக வளர்ந்தது. உங்கள் லென்ஸ் அதற்கு முற்பட்டது என்றால், லென்ஸ் மறைப்பு ஒன்றைப் பொருத்துவதும், சூரியன் லென்ஸின் முகத்தில் படாதபடி நிற்பதும், உள்ளே மூட்டமோ பூஞ்சையோ இல்லை என்று விளக்கொளியில் பார்த்துக்கொள்வதும் அவசியம். பூச்சில்லாத லென்ஸ் தரும் அந்த மெல்லிய ஒளிவட்டத்தை விரும்பித் தேடுபவர்களும் உண்டு. 1930-களின் காருக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் அது தற்செயலாக வராமல், தெரிந்தே வர வேண்டும்.

கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும்

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வண்ணங்கள் எல்லாம் சாம்பலின் சாயல்களாக மாறுகின்றன. கண்ணுக்கு முற்றிலும் எதிரெதிரான சிவப்பும் பச்சையும், ஃபிலிமில் ஒரே சாயலில் வந்து கலந்துவிடக்கூடும். இருவண்ணத்தில் பூசப்பட்ட 1950-களின் கார்களில் இது உண்மையான இடர். வடிவமைப்பாளர் இரண்டு வண்ணங்களால் பிரித்துக் காட்டிய கோடு படத்தில் காணாமல் போய்விடும். இதற்கு மருந்து வண்ண ஃபில்டர். எந்த ஃபில்டரும் தன் நிறத்தை வெளிறச் செய்து, எதிர் நிறத்தைக் கருமையாக்கும். சிவப்புக் காரைச் சிவப்பு ஃபில்டரில் எடுத்தால் கார் வெளிறி வரும், நீல வானம் கறுக்கும். பச்சை ஃபில்டரில் எடுத்தால் அதே கார் கனத்த கருமையோடு நிற்கும். மஞ்சள் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப், அடர்சிவப்புக்கு 3 ஸ்டாப் என்று ஒளியைக் கூட்ட வேண்டும். சிவப்பையே உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம்கள் இன்றும் தயாராகின்றன; அவற்றில் சிவப்புக் கார் கறுப்பாகவே பதியும். தொடக்க காலத்துப் படங்களில் கறுப்பாகத் தெரியும் கார்கள் எல்லாம் கறுப்பு நிறத்தவை என்று எண்ணிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு தொலைவில் நிற்பது

காரின் முகத்தையும் பக்கத்தையும் சேர்த்துக் காட்டும் மூலைக் கோணமே பெரும்பாலோர் முதலில் எடுப்பது. அதில் கார் தன் விகிதத்தோடு தெரிகிறதா இல்லையா என்பதை முடிவுசெய்வது நாம் நிற்கும் தொலைவு. நான்கரை மீட்டர் நீளமுள்ள காரின் முன்மூலையிலிருந்து 3 மீட்டரில் நின்றால் அதன் பின்மூலை சுமார் 7 மீட்டரில் இருக்கும். பின்னால் இருப்பவை முன்னால் இருப்பவற்றின் பாதி அளவுக்கும் குறைவாகத் தெரியும், ஹெட்லைட் வீங்கி, பின்பகுதி வால்போல் சுருங்கிவிடும். 15 மீட்டரில் நின்றால் பின்மூலை 19 மீட்டரில். அளவு ஐந்தில் நான்கு பங்காகத் தெரியும், காரை நாம் நினைவில் வைத்திருக்கும் வடிவம் அதுதான். அகலமாகப் பார்க்கும் 28 மி.மீ. லென்ஸ் நம்மை நெருங்கி நிற்க வைப்பதாலும், குறுகலாகப் பார்க்கும் 90 அல்லது 100 மி.மீ. லென்ஸ் விலகி நிற்க வைப்பதாலும்தான் அவற்றின் படங்கள் வேறுபடுகின்றன. பழைய கேமராக்களில் இருக்கும் 50 மி.மீ. லென்ஸில் முழுக் காரும் அடங்க ஏறத்தாழ 8 மீட்டர் விலகுவோம். அது நல்ல நடுநிலை.

அந்த 8 மீட்டரில் அபெர்ச்சர் 2 என்றால் ஏறத்தாழ 6.7 முதல் 9.9 மீட்டர் வரைதான் தெளிவாக இருக்கும். காரின் நீளத்தைக்கூட அது தாண்டாது. அபெர்ச்சர் 8 என்றால் நாலரை மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு அப்பாலும் தெளிவு கிடைக்கும். ஆகவே முழுக் காருக்கு 8 அல்லது 11. முன்சக்கரத்தை, அதன் வெளிமுகம் கேமராவுக்குத் தெரியும்படி திருப்பி வைக்கச் சொல்லுங்கள்; கேமராவை ஹெட்லைட்டின் உயரத்துக்கு இறக்குங்கள். இடுப்பருகே பிடித்துக் குனிந்து பார்க்கும் ரோலைஃபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்கள் இந்த உயரத்துக்கென்றே பிறந்தவைபோல் இருக்கும், அவற்றில் இடவலம் மாறித் தெரிவது மட்டும் பழக வேண்டிய சங்கதி. பார்க்கும் லென்ஸும் படமெடுக்கும் லென்ஸும் வேறாக உள்ள எல்லாக் கேமராக்களிலும், பொருளை நெருங்க நெருங்க, வியூஃபைண்டரில் தெரியும் சட்டம் படத்தில் பதியும் சட்டத்திலிருந்து சற்று விலகும். 1911 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் கார்களின் முகப்பில் நிற்கும் அந்தச் சிறிய சிலையை நெருங்கி எடுக்கும்போது, வியூஃபைண்டரில் முழுதாக நின்ற உருவம் படத்தில் தலையை இழந்து வருவது இதனால்தான். அதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டுக்கொள்ள வேண்டும்.

உட்புறத்தை எடுக்கும்போது நேரம் நீளும். ஒரு நொடிக்கு மேல் போனால் ஃபிலிமின் உணர்திறன் தளரத் தொடங்குகிறது. மானி 10 நொடி என்றால், சில கறுப்பு வெள்ளை ஃபிலிம்களுக்கு 20 நொடி வரை தேவைப்படும். ஃபிலிம் உறையோடு வரும் குறிப்பில் அந்தக் கணக்கு இருக்கும்.

ஓடும் காரை 1/30 அல்லது 1/60 நொடியில், கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பியபடி எடுத்தால் பின்னணி கோடுகளாகி, சக்கரக் கம்பிகள் சுழலும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஜாக் ஆன்றி லார்த்தீக் 1910-களில் எடுத்த பந்தயக் கார்ப் படத்தில் சக்கரம் நீள்வட்டமாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பார்கள். அவருடைய கேமராவில் ஷட்டரின் இடுக்கு, படம் பதியும் கண்ணாடித் தட்டின் குறுக்கே மெதுவாக நகர்ந்தது. சக்கரத்தின் அடி பதிந்த கணத்துக்கும் உச்சி பதிந்த கணத்துக்கும் இடையில் கார் முன்னேறிவிட்டது. லென்ஸுக்குள் இதழ்போல் விரியும் ஷட்டர் உள்ள கேமராக்களில் இந்தச் சாய்வு வராது.

ரோலைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியது

35 மி.மீ. ரோலில் 36 படங்கள், 120 ரோலில் 6×6 செ.மீ. அளவில் 12 படங்கள். ஒவ்வொன்றுக்கும் அபெர்ச்சர், ஷட்டர், ஒளியின் நிலை ஆகியவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால், எது சரியாக வந்தது என்பது தெரியும், ஏன் வந்தது என்பது தெரியாது. முதல் ரோலில் ஒரே கறுப்புக் காரை மானி சொன்னபடி ஒன்று, விழும் ஒளியை அளந்து ஒன்று, அதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று என மூன்றாக எடுத்து வையுங்கள்.

பிறகு ஒரு முன்னெச்சரிக்கை. பல கடைகளில் பிரிண்ட் போடும், ஸ்கேன் செய்யும் கருவிகளும் ஒவ்வொரு ஃபிரேமையும் சராசரி கண்டு, அதைச் சாம்பலை நோக்கித் தாமாகவே திருத்துகின்றன. மூன்று விதமாக எடுத்த படங்களும் ஒரே சாம்பல் நிறத்தில் திரும்பி வந்து, எடுத்தவரைக் குழப்பத்தில் ஆழ்த்துவது இப்படித்தான். தானியங்கித் திருத்தம் வேண்டாம், எல்லா ஃபிரேம்களையும் ஒரே அளவில் ஸ்கேன் செய்யுங்கள் என்று ரோலோடு எழுதிக் கொடுங்கள். நெகட்டிவ் கைக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கறுப்புக் கார் நெகட்டிவில் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும், ஆனால் டயரின் வெட்டுகளும் கிரில்லின் கம்பிகளும் அந்தத் தெளிவுக்குள் மெல்லிய கோடுகளாகத் தெரிய வேண்டும். அந்தக் கோடுகள் இருந்தால் எக்ஸ்போஷர் சரி. பிரிண்ட் சாம்பலாக வந்திருந்தாலும், அதே நெகட்டிவைத் திரும்பக் கொடுத்து, காரைக் கறுப்பாகவே போட்டுத் தரும்படி கேட்டு வாங்கலாம்.